லுகு மலைச் சாரலும் நிலத்தடி வாயுவும்

தன்பாதிலும் பொகாரோவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு நிலக்கரி புதிய பொருளன்று. காலையில் கோலமிடுவதற்காகப் பெருக்கினால் வாசலில் படிந்திருப்பது கரித்தூள். மாலையில் கொடியிலிருந்து எடுக்கும் வேட்டியில் உதறவேண்டியதும் அதுவே. நம்மில் பலருக்கு, நேராகவோ சுற்றுவழியாகவோ, சோறிடுவதும் அந்தக் கரிதான். ரயில்வேயின் சரக்குப் பகுதியில் குமாஸ்தாவாகிய எனக்கு நாள்தோறும் எழுதும் கணக்கெல்லாம் கரிக்கணக்கே. எத்தனை ரேக், எத்தனை வேகன், எத்தனை டன் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது.

ஆயினும், அந்தக் கரியோடு கூடவே பூமியின் அடியிலிருந்து புறப்படும் மற்றொரு பொருளைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதை வேகனில் ஏற்ற இயலாது. அதற்கு ரசீது எழுதவும் இயலாது. மீத்தேன் என்பது அதன் பெயர். சுரங்கத்தில் அது தேங்கினால் மனிதரைக் கொல்லும். வானில் கலந்தால் பூமியைச் சூடேற்றும். குழாயில் பிடித்தால் விளக்கேற்றும். அதை வெளியேற்றுவதற்காகக் காட்டில் துளையிட நேர்ந்தால், அந்தத் துளைக்கு உரிய விலையைக் காடு கொடுக்க வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் ஓரளவேனும் கண்ணால் கண்டு அறியவேண்டும் என்ற ஆவலால், மூனிடிக்கும், பின்னர் லுகு மலைச் சாரலுக்கும் சென்று வந்தேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் அந்த வாயுவின் பிறப்பைச் சொல்லவேண்டும். தாமோதர் நதிப் பள்ளத்தாக்கின் கரி ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் செழித்திருந்த காடு. அந்தக் காடு மண்ணில் புதைந்து, மேலே படிந்த மணலும் களியும் அழுத்த, வெப்பத்தால் பதமாகிக் கரியாயிற்று. அவ்வாறு மாறும்போது எழுந்த வாயுவில் ஒரு பங்கு வெளியே செல்ல வழியின்றிக் கரியின் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளிலேயே ஒட்டிக்கொண்டது. மேலுள்ள பாறையும் நீரும் தரும் அழுத்தமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகையால் பொதுவாக ஆழம் கூடக்கூட வாயுவும் கூடும். கரியை வெட்டியதும் அழுத்தம் குறைகிறது. சோடாப் புட்டியின் மூடியைத் திறந்தாற்போல் வாயு வெளிவருகிறது.

காற்றைவிட இலேசானதாகையால் அது சுரங்கத்தின் கூரையை ஒட்டித் தங்கும். காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை அது கலந்திருக்கும்போது ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அந்த வெடிப்பின் வேகத்தில் தரையில் கிடக்கும் கரித்தூள் எழும்பி, அதுவும் பற்றிக்கொண்டால், சுரங்கம் முழுவதும் தீக்குழாயாகிவிடும்.

நமது பள்ளத்தாக்கு இதை அனுபவித்து அறிந்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் அசன்சோலை அடுத்த சினாகுரியில் நேர்ந்த வெடிப்பில் 176 பேர் மாண்டனர். 1965 மே 28-இல் பெர்மோ வட்டாரத்தின் டோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தனர். 1976 அக்டோபரில் சுதாம்டியில் 43 பேர். 2006 செப்டம்பரில் பாட்டிடியின் நாக்டா சுரங்கத்தில் 50 பேர். இவ்வெண்களைச் சுரங்கப் பாதுகாப்பு இலாகாவின் பட்டியலில் வரிசையாகப் படிக்கும்போது, ஒவ்வொன்றின் பின்னும் எத்தனை வீட்டு அடுப்புகள் அணைந்திருக்கும் என்றே மனம் எண்ணுகிறது.

இத்தகைய விபத்தைத் தடுக்கும் முதற்காவல் காற்றோட்டம். பெரிய விசிறிகளால் சுரங்கத்திலுள்ள காற்றை இடைவிடாமல் இழுத்து வெளியே தள்ளுவார்கள். அடுத்த காவல் கண்காணிப்பு. 1815-இல் ஹம்ப்ரி டேவி செய்த பாதுகாப்பு விளக்கின் வழிவந்த விளக்குகளில் சுடரைத் தாழ்த்திப் பார்த்தால், வாயு இருக்குமிடத்தில் சுடரின்மேல் வெளிறிய நீலத் தொப்பி ஒன்று தோன்றும். தொப்பி உயர்ந்தால் வாயு மிகுதி என்று பொருள். இப்போது மின்கருவிகளும் அளந்து சொல்கின்றன. காற்றில் வாயு நூற்றுக்கு 1.25 பங்கைத் தாண்டினால் அங்கே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது சட்டம்.

மேலும், ஒரு டன் கரி வெட்டும்போது எவ்வளவு வாயு வெளிப்படுகிறது என்பதைக் கொண்டு கரிப்படுகைகளை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். 1 கன மீட்டருக்குட்பட்டது முதல் தரம். 1 முதல் 10 வரை இரண்டாந்தரம். 10-க்கு மேற்பட்டது மூன்றாந்தரம். வகுப்பறையில் மூன்றாம் வகுப்பு தாழ்ந்தது. சுரங்கத்திலோ மூன்றாந்தரமே மிகவும் அஞ்சத்தக்கது.

மூன்றாந்தரத்திற்கு எடுத்துக்காட்டாக விளங்குவது ஜரியாக் கரிவயலைச் சேர்ந்த மூனிடி. தன்பாத் நகரிலிருந்து சிறிது தூரத்திலேயே அதன் இறக்கு கோபுரங்கள் தெரியத் தொடங்கும். இவ்வூரார் ‘சானக்’ என்று வழங்கும் செங்குத்துக் குழிகள் வழியே 400 மீட்டருக்கும் கீழே ஆட்கள் இறங்குகிறார்கள். போலந்து நாட்டு நிபுணரின் உதவியோடு அமைக்கப்பட்ட இச்சுரங்கத்தில்தான், 1978-இல், தானே நகர்ந்து கூரையைத் தாங்கும் எந்திரத் தூண்களைக் கொண்டு நீண்ட முகப்பாகக் கரி வெட்டும் முறை நம் நாட்டில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. மேலே நின்று பார்ப்பவனுக்குத் தெரிவது சக்கரம் சுழல்வதும் கம்பிவடம் ஓடுவதுமே. ஆனால் விசிறியின் ஓசை மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். கீழே உள்ளவர்களின் மூச்சு அந்த ஓசையை நம்பி நடக்கிறது.

எனினும், எந்திரம் வேகமாகக் கரி வெட்டும் இடத்தில் விசிறி மட்டும் போதுவதில்லை. வாயுவை முன்கூட்டியே வடித்துவிட வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு என்று அங்கே விளக்கினார்கள். வெட்டுவதற்கு முன்பே தரைமட்டத்திலிருந்து கிணறு துளைத்து, கரிப்படுகையிலுள்ள நீரை இறைத்துவிட்டால், அழுத்தம் தாழ்ந்து வாயு தானே மேலே வரும். அல்லது சுரங்கத்திற்குள்ளிருந்தே படுகையினூடே கிடையாக நீண்ட துளைகளைச் செலுத்தி உறிஞ்சலாம். இது முதல் வழி. வெட்டிக்கொண்டிருக்கும்போதே கூரைக்கு மேலும் தரைக்குக் கீழும் உள்ள படுகைகளை நோக்கிச் சாய்வாகத் துளையிட்டு, அங்கிருந்து வரும் வாயுவை வழியிலேயே பிடிப்பது இரண்டாவது. வெட்டி முடிந்தபின் கூரை இடிந்து விழுந்த வெற்றிடத்தில் சேரும் வாயுவை மேலிருந்து கிணறிட்டு இழுப்பது மூன்றாவது.

வடித்த வாயுவை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. உலகின் பல சுரங்கங்களில் அதை அப்படியே வானில் விட்டுவிடுகிறார்கள். மூனிடியில் ஐக்கிய நாடுகளின் உதவியோடு நடந்த சோதனைத் திட்டத்தில் அவ்வாறு விடவில்லை. எடுத்த வாயுவைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி, 2008-இல் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்கே அளித்தார்கள். கொல்ல வந்த பாம்பு கயிறாகிப் பயன்பட்டதுபோல, தந்தையை அச்சுறுத்திய வாயு மகன் பாடம் படிக்க விளக்காயிற்று. அளவில் சிறியதாயினும் செய்யக்கூடியது என்பதை அது மெய்ப்பித்தது.

குமாஸ்தாவின் பழக்கம் விடாதல்லவா? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 58 வேகன்கள் கொண்ட ஒரு ரேக்கில் ஏறக்குறைய 4,000 டன் கரி செல்லும். அது மூன்றாந்தரப் படுகையிலிருந்து வந்ததென்றும், டன்னுக்கு 10 கன மீட்டர் வாயு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு ரேக்குக்கு 40,000 கன மீட்டர். எடையில் சுமார் 27 டன். நம் வீடுகளுக்கு வரும் 14.2 கிலோ சமையல் சிலிண்டர்கள் கிட்டத்தட்ட 2,000 தரக்கூடிய வெப்பம் அதில் அடங்கியிருக்கிறது.

இதை வானில் விட்டால் என்ன ஆகும்? நூறாண்டுக் கணக்கில், மீத்தேன் ஒரு டன் கரியமில வாயு 28 டன்னுக்கு ஒப்பாகப் பூமியைச் சூடேற்றும் என்கிறார்கள். இருபதாண்டுக் கணக்கில் அது 80 மடங்குக்கு மேல். ஆகவே 27 டன் மீத்தேன் சுமார் 750 டன் கரியமில வாயுவுக்குச் சமம். அதையே எரித்துவிட்டால் உண்டாகும் கரியமில வாயு சுமார் 75 டன்தான். பத்தில் ஒரு பங்கு! ரேக்கில் செல்லும் கரியை எரிப்பதனால் எழும் புகையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே. ஆனால் கரியினால் மின்சாரமாவது கிடைக்கிறது; வெறுமனே விட்ட வாயுவினால் எவருக்கும் எதுவும் கிடைப்பதில்லை.

மூனிடியின் மேற்பரப்பில் குடியிருப்புகளும் சாலைகளும் உள்ளன. கரிக்கு மேல் காடு நிற்கும் இடத்தையும் பார்த்தால்தான் கேள்வியின் மறுபாதி விளங்கும் என்று தோன்றிற்று. ஆகையால் ஓய்வு நாளொன்றில் தன்பாதிலிருந்து கத்ராஸ்கட் வழியாகச் சந்திரபுராவுக்கு வண்டியேறினேன். இந்தப் பாதையே ஒரு பாடம். அடியில் எரியும் கரித் தீ காரணமாக 2017 ஜூன் 15-இல் இதில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2019-இல்தான் மறுபடி தொடங்கிற்று. ஜரியாவில் 1916 முதலே இத்தகைய தீயைக் குறித்த செய்திகள் உண்டு. கரியையும் வாயுவையும் அலட்சியமாக விட்டால், நூறாண்டு கழிந்தும் பேரப்பிள்ளைகளின் தண்டவாளத்தை அது தொடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சந்திரபுராவில் வண்டி மாறி, பர்காகானா செல்லும் பாதையில் அமர்ந்தேன். புஸ்ரோ, பெர்மோ என்று நிலையங்கள் வருகின்றன. இருபுறமும் இப்போது பெரும்பாலும் திறந்தவெளிச் சுரங்கங்களே. மலைபோல் குவித்த மண்மேடுகளில் வேலமுட்செடிகள் முளைத்திருக்கின்றன. ரயில்வே அன்பர்களுக்கு ஒரு செய்தி: இவ்வட்டாரத்தின் கார்கலி, பொகாரோ முதலிய சுரங்கங்கள் ஒரு காலத்தில் ரயில்வேக்கே சொந்தமாக இருந்தன. நீராவி எஞ்சின்களுக்கு வேண்டிய கரியை ரயில்வே தானே வெட்டி எடுத்தது. 1956-இல் தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகம் அமைந்தபோது, ரயில்வேயின் 11 சுரங்கங்கள் அதற்கு அடித்தளமாக மாற்றித்தரப்பட்டன. ஆக, இந்த மண்ணின் நன்மை தீமைகளில் நமது இலாகாவுக்கும் பழைய பங்கு உண்டு.

என் எதிரே வெண்தலைப் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். சுரங்கத்தில் சர்தாராக, அதாவது வேலைக்கு முன் வாயுவைச் சோதித்து ‘இறங்கலாம்’ என்று சொல்லும் பொறுப்பாளராக, இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சுக் கோளாறுக்காக ஆலப்புழை விரைவு வண்டியில் காட்பாடி வரை சென்று, வேலூரில் வைத்தியம் பார்த்துத் திரும்பியவராம். நான் தமிழன் என்று அறிந்ததும், “பாபு, உங்கள் ஊரில் நல்ல காற்று” என்று சிரித்தார்.

“சாச்சா, சுரங்கத்தில் அச்சம் இருந்ததில்லையா?” என்று கேட்டேன்.

“விளக்கைத் தாழ்த்தும்போதெல்லாம் இருந்தது, பாபு. நீலம் தெரிந்தால் எல்லாரையும் திருப்பி அனுப்பவேண்டும். அன்று கரி குறையும். மேலே இருப்பவர்கள், ‘ஏன் குறைந்தது?’ என்பார்கள். மல்கட்டாக்களோ, ‘எங்கள் கூலி என்ன ஆவது?’ என்பார்கள். இருவருக்கும் பதில் சொல்லவேண்டியவன் சர்தார்.”

“வாயுவை முன்னதாகவே வடித்துவிட்டால்?”

“அது நல்லதுதான். நீலம் தெரிந்த பிறகு ஓடுவதைவிட, தெரியாமலே செய்வது மேல். ஆனால் துளையைக் காட்டில் போட்டால், ஊராரைக் கேட்டுப் போடவேண்டும். நாங்கள் கீழே இருந்தவர்கள். அவர்கள் மேலே இருப்பவர்கள். எங்கள் உயிருக்காக அவர்கள் மரத்தைக் கேட்கிறோம். கேட்காமல் எடுக்கலாமா?”

மல்கட்டா என்றால் கரி வெட்டும் தொழிலாளி. பெரியவர் பெர்மோவைத் தாண்டி இறங்கிச் சென்றபின்பும் அவருடைய சொல் என்னோடு வந்தது.

1953-இல் இயங்கத் தொடங்கிய பொகாரோ அனல்மின் நிலையத்தைக் கடந்து கோமியாவை நெருங்கும்போது காட்சி மாறுகிறது. கறுப்பு குறைந்து பசுமை மிகுகிறது. மேகத்தைத் தொட்டாற்போல் நிற்பது லுகு மலை. உயரம் ஏறக்குறைய 3,200 அடி. சரிவெங்கும் குங்கிலிய மரங்கள். இவ்வூரில் அவற்றைச் ‘சால்’ என்பர். இடையிடையே இலுப்பையும் புரசும் உண்டு. பங்குனியில் இலுப்பைப் பூவைப் பெண்டிர் விடியலிலேயே பொறுக்குவார்கள். சந்தால் மக்களுக்கு இம்மலை புனிதத் தலம். கார்த்திகைப் பௌர்ணமியில் பல மாநிலங்களிலிருந்தும் சந்தால்கள் லால்பனியாவில் கூடி, ‘லுகு புரு’ என்று தங்கள் முன்னோரையும் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். நம் நாட்டில் திருவண்ணாமலை தீபத்திற்குத் திரளும் அதே பருவத்தில் இங்கும் மலையடியில் மக்கள் திரள்வது எண்ணி மகிழத்தக்க ஒற்றுமை.

நிலநூல் அறிந்தவர்களுக்கும் இம்மலை முக்கியமானது. இதன் கிழக்கே கிழக்கு பொகாரோக் கரிவயல். மேற்கே மேற்கு பொகாரோ. பாறையடுக்குகள் கிண்ணம்போல் வளைந்திருப்பதால், ஓரத்தில் தரைக்கு வரும் கரிப்படுகைகள் நடுவே ஆழத்தில் தாழ்ந்து கிடக்கின்றன. ஆழத்தில் கரி இருக்குமிடத்தில் வாயுவும் இருக்கும் என்று முன்பே கண்டோம். கரியை வெட்டாமலே வாயுவை மட்டும் எடுக்கும் கிணறுகளை எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் பொகாரோ வட்டாரத்தில் அமைத்திருக்கிறது. சாலையோரத்திலிருந்தே அத்தகைய கிணறொன்றைக் காணலாம். வேலியிட்ட சமதளம்; நடுவே குழாய்த்தலை; நீர் இறைக்கும் பொறி; படுகை நீரைத் தேக்க ஒரு குட்டை. பார்வைக்குச் சாதுவான காட்சிதான்.

ஆனால், இதே கிணறு அடர்ந்த காட்டின் நடுவே அமையவேண்டுமானால், முதலில் துளையிடும் கனரக வண்டி செல்லப் பாதை வேண்டும். அதற்கு மரம் விழவேண்டும். சமதளத்திற்கு இடம் வெட்டவேண்டும். வாயுவைக் கொண்டுசெல்லக் குழாய் பதிக்கவேண்டும். இறைத்த நீர் உப்பு மிகுந்ததாயின் ஓடையில் விடலாகாது. கிணற்றின் ஆயுள் முடிந்தாலும், பாதை நிலைத்துவிடும். பாதை நிலைத்தால் மரம் வெட்டுவோரும் அவ்வழியே வருவர். சுரங்கத்தின் மேலுள்ள வெற்றிட வாயுவை இழுக்க வேண்டுமானால், முகப்பு நகர நகரக் கிணறுகளும் வரிசையாகத் தொடரவேண்டும். காட்டின் அடியில் கரி வெட்டினால் காட்டுக்குத் தீங்கில்லை என்று சொல்வது எவ்வளவு அரைகுறையான பேச்சு என்பது இதிலிருந்து விளங்கும்.

நமது சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மேலே ஒரு மரத்தையும் தொடாமல் வனநிலத்தின் அடியில் மட்டும் கரி வெட்டுவதானாலும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரியவர் ரயிலில் சொன்ன நியாயத்திற்குச் சட்டத்திலும் இடம் உண்டு என்பது ஆறுதல்.

இக்கேள்வி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கன்னிசன் தேசிய வனத்தின் அடியில் வெஸ்ட் எல்க் என்ற சுரங்கம் இயங்குகிறது. அது தன் எல்லையை, சாலை போடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட காட்டுப்பகுதியின் அடியில் விரிக்க முற்பட்டபோது, வாயுக் கிணறுகளுக்காக அக்காட்டில் பாதை வெட்டவேண்டியதாயிற்று. 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த அனுமதியைத் தள்ளிற்று. கரியினால் வரும் இலாபத்தை எண்ணால் கணக்கிட்ட இலாகாக்கள், வெப்ப வாயுவினால் வரும் நட்டத்தை மட்டும் கணக்கிடாமல் விட்டது தகாது என்பது தீர்ப்பின் ஒரு முக்கியக் காரணம். பின்னர் வேறு அனுமதி கிடைத்து, 2020-இல் காட்டில் பாதை வெட்டப்பட்டது. அதே பள்ளத்தாக்கில் எல்க் கிரீக் என்ற மற்றொரு சுரங்கத்தின் வாயுவைக் கொண்டு 2012 முதல் 3 மெகாவாட் மின்சாரம் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வாயு. மனிதர் மனம் வைத்த விதம்தான் வேறு.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில் என் சிற்றறிவுக்குத் தோன்றும் ஒழுங்கு இதுதான். வாயு மிகுந்த சுரங்கத்தில் ஆள் இறங்குவதற்கு முன் அதை வடித்தே ஆகவேண்டும்; அதில் காசு பார்க்கலாகாது. இயன்ற வரை சுரங்கத்தின் உள்ளிருந்தே துளையிட வேண்டும். மேலிருந்துதான் ஆகவேண்டுமானால், ஓரிடத்தில் நின்று பல திசைகளில் வளைத்துத் துளைக்கும் முறை இன்று இருக்கிறது. பத்துப் பாதைகளுக்குப் பதிலாக ஒரு பாதை போதும். எடுத்த வாயுவை அடுப்புக்கோ விளக்குக்கோ கொடுக்கவேண்டும். அதற்கும் வழியில்லையெனில் எரித்தாவது விடவேண்டும். இவ்வளவும் செய்ய இயலாத காட்டின் அடியில் கரி கிடந்தால், அது அங்கேயே கிடக்கட்டும். 25 கோடி ஆண்டு காத்திருந்த கரி இன்னும் காத்திருப்பதில் அதற்கு வருத்தமில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பொறியியல் படிக்கிறார்கள். சிலர் தன்பாதின் சுரங்கக் கல்லூரியை நாடுவர். சிலர் மின்நிலையங்களில் அமர்வர். சிலர் என்னைப்போல் ரயில்வேயில் எழுதுகோல் பிடிப்பர். எங்கிருந்தாலும், கரி எத்தனை டன் வந்தது என்று கேட்கும்போது, வாயு என்ன ஆயிற்று, மரம் எத்தனை விழுந்தது, ஊரார் என்ன சொன்னார்கள் என்றும் கேட்கும் பழக்கத்தை நாம் அவர்களுக்கு வீட்டிலேயே கற்பிக்கலாம். எங்கள் கணக்கேட்டில் ரேக்குக்கும் வேகனுக்கும் டன்னுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு. வாயுவுக்கும் காட்டுக்கும் ஒவ்வொரு பத்தி சேர்ந்தால்தான் அக்கணக்கு நேராகும்.